வீட்டுக் கொல்லையில் கரட்டுச் செடிகள்: பெங்களூரில் நாட்டு மரமும் புதரும் நடும் முறை

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்குப் பின்புறம் மிஞ்சுவது பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து அடி அகலமுள்ள ஒரு துண்டு நிலம்தான். துணி காயப்போடும் கொடி, சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி, துளசி மாடம் ஆகியவை போக அதில் எஞ்சும் இடத்தில் ஒரு மரம் வைக்கலாமா என்று தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் மரத்திலிருந்து தொடங்காமல் புதரிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான், ராமமூர்த்தி நகரில் இப்படி ஒரு துண்டு நிலத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்.

காரணம் இதுதான். இந்த நகரத்தில் மரங்கள் இல்லாமல் இல்லை. ஹைதர் அலி 1760-இல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்தே வெளியூர், வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து வளர்ப்பது இங்கே ஒரு மரபாகிவிட்டது. 1908-இல் லால்பாக்கின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியரான கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும் வண்ணம் சாலைகளில் மரங்களைத் தேர்ந்து நடும் முறையைப் புகுத்தினார். நாம் இன்று வியந்து படம் எடுக்கும் ஜகரண்டாவும் டபேபுயாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும், குல்மோகர் மடகாஸ்கரிலிருந்தும், சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவை. நிழலுக்கும் அழகுக்கும் அவற்றில் குறையில்லை. ஆனால் இந்தப் பீடபூமியின் இயற்கையான காடு என்பது முட்புதரும், கோடையில் இலையுதிர்க்கும் நடுத்தர உயர மரங்களும், பாறை இடுக்குகளில் செறிந்த குறுஞ்செடிகளும் கலந்தது. கட்டடம் எழுந்தபோது முதலில் அழிந்தது அந்தப் புதர் அடுக்குதான். அதைத் திரும்ப வைத்தவர்கள் மிகக் குறைவு. நகரின் தெற்கே உள்ள துரஹள்ளிக் காட்டின் பாறைகளுக்கிடையே ஒரு மணி நேரம் நடந்து பார்த்தால், உங்கள் கொல்லை ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பது தெரிந்துவிடும். வாய்ப்புள்ளவர்கள் ஒரு செடியை வாங்குவதற்கு முன் அந்த நடையை முடித்துவிட்டு வருவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரடுகளில், அதாவது பாறைக் குன்றுகளில், நாம் பார்த்து வளர்ந்த செடிகளில் பெரும்பாலானவை இந்தப் பீடபூமியின் செடிகளும்தான். பென்னாகரத்துக்காரரான என் மாமியார், நான் ஆவாரங்கன்றை மண்ணில் இறக்குவதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது கரட்டுல தானா கெடக்கிற செடியாச்சே, இதப் போயி காசு குடுத்து வாங்கி வெக்கிறியா?” என்று கேட்டார். தானாகக் கிடந்த செடி இப்போது கிடக்கவில்லை என்பதால்தான் வைக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு இந்தக் கொல்லைக்கு என்னென்ன வேண்டும் என்பதை என்னைவிட அதிகமாக அவர்தான் நினைவிலிருந்து சொன்னார்.

யாருக்கு எந்த இலை

நாட்டுச் செடி என்றால் இந்தியாவில் எங்கோ விளைவது என்று பொருள்கொள்ளக் கூடாது. சீதா அசோகம் நம் நாட்டு மரம்தான்; ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டைச் சேர்ந்தது. பெங்களூரின் வறண்ட நான்கைந்து மாதங்களில் அதற்கு ஓயாமல் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். புன்னை கடற்கரையைச் சேர்ந்தது. நமக்கு வேண்டியவை செம்மண்ணிலும் பாறையிலும், மார்கழி முடிந்து சித்திரை வரை மழையே இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிப்பவை.

அடுத்ததாக, பூவை மட்டும் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேனை எந்தப் பூவிலும் குடித்துவிட்டுப் போகும் வண்ணத்துப்பூச்சி, முட்டையிடும்போது மட்டும் தன் புழு தின்னக்கூடிய குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தேடும். உன்னிச்செடியின் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றன என்று அதை விட்டுவைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உன்னிச்செடி தேன் தருகிறது. ஆனால் அந்தப் புழுக்களுக்கு உணவாகும் நம் ஊர்ச் செடிகளை நெருக்கி அழிக்கிறது. பறவைகளுக்கும் இதே கணக்குத்தான். தேன்சிட்டு தேன் குடிக்கிறது, சிட்டுக்குருவி தானியம் தின்கிறது. ஆனால் இரண்டுமே தம் குஞ்சுகளுக்குப் புழுவையும் பூச்சியையும்தான் ஊட்டுகின்றன. ஆகவே புழு தின்னாத தோட்டத்தில் குஞ்சு வளராது.

இதை நேரில் காண மிக எளிய செடி, எல்லோர் வீட்டிலும் இருக்கும் கறிவேப்பிலைதான். அதன் இளங்கொழுந்தில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். சில நாட்களில் அந்த இடத்தில் பறவை எச்சம் விழுந்ததுபோலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ கிடக்கும். தொட்டால்தான் அது புழு என்று தெரியும். வளர்ந்த பின் அதுவே இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது விரலால் லேசாகத் தீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டிக் கடுமையான நாற்றம் வீசும். எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு அதனிடம் உள்ள ஆயுதம் அதுதான். இரண்டு மூன்று வாரங்களில் அது நான்கைந்து கொத்து இலைகளைத் தின்று தீர்க்கும். அந்த நேரத்தில் மருந்தடிக்காமல் பொறுத்திருந்தால், கரிய சிறகில் வெண்புள்ளி வரிசையுடைய வண்ணத்துப்பூச்சி வெளிவரும். இலை மறுபடியும் துளிர்த்துவிடும். சாம்பாருக்குக் குறைவு வராது. இரண்டு கறிவேப்பிலை வைத்து, ஒன்றை அடுக்களைக்கும் மற்றதைப் புழுவுக்கும் ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

இதோடு ஈஸ்வரமூலிக் கொடியையும் வேலியில் ஏற்றினால் ஒரு அரிய காட்சி கிடைக்கும். கருஞ்சிறகும் இரத்தச் சிவப்பு உடலும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு, அந்தக் கொடியின் இனத்தைத் தவிர வேறெதையும் தின்னாது. அந்த இலையின் நஞ்சு உடம்பில் சேர்ந்துவிடுவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலையில் வளரும் வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, தன்னிடம் நஞ்சு இல்லாவிட்டாலும், அச்சு அசலாக அந்தச் சிவப்பு வேடத்தையே அணிந்து தப்பித்துக்கொள்கிறது. அசலின் உடல் சிவப்பாக இருக்கும், வேடமிட்டதன் உடல் கறுப்பாக இருக்கும். அதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். இரண்டும் ஒரே காலை வெயிலில் என் கொல்லையில் பறந்ததைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. ஈஸ்வரமூலியைக் கைமருந்து என்று யாரும் வாயில் போட்டுவிடக் கூடாது. அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது.

புதர்களில் ஆவாரை, நொச்சி, ஆடாதோடை, விராலி, களா, காரை ஆகிய ஆறும் என் முதல் தேர்வு. ஆவாரையின் பூவில் தேனே கிடையாது. மகரந்தம் மட்டும்தான் உண்டு, அதுவும் நுனியில் சிறு துளை கொண்ட குழல் போன்ற பைகளுக்குள் அடைபட்டிருக்கும். காலை எட்டு மணிவாக்கில் செடியருகே நின்றால், பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்து, பறக்காமலே உடலை அதிரவைக்கும் ஓசை கேட்கும். அந்த அதிர்வில் துளைகளிலிருந்து மகரந்தம் பொடியாகச் சிதறி வண்டின் வயிற்றில் அப்பிக்கொள்ளும். தேனீப் பெட்டி வைத்து வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. ஆவாரை இலையில் மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளும் முட்டையிடும். நொச்சியின் நீலப் பூக்கொத்தில் பகல் முழுதும் தேனீக்கள் இருக்கும். அது பத்துப் பன்னிரண்டு அடிக்கு எழுந்துவிடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை கழிக்க வேண்டும். ஆடாதோடை நிழலையும் பொறுத்துக்கொள்ளும். பக்கத்து மாடியின் நிழல் விழும் மூலைக்கு அதுவே சரியானது. விராலி பூச்சிகளுக்குப் பெரிதாக எதுவும் தராது. ஆனால் தண்ணீரே இல்லாமல் செழித்து, ஆண்டு முழுவதும் அடர்ந்த பச்சை மறைவைக் கொடுக்கும். களாவும் காரையும் முள்ளுடையவை. பூனை ஏற முடியாத அந்த முள்ளுக்காகவே கொண்டைக்குருவி அவற்றில் கூடு கட்டும், பழத்துக்காகவும் வரும். குழந்தைகள் ஓடி விளையாடும் பக்கத்தில் மட்டும் இவற்றை வைக்காதீர்கள்.

எருக்கும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியதே. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் தீங்கு விளையும் என்பதால், சிறு பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கே நான் அதைப் பரிந்துரைப்பேன்.

மரத்தைப் பொறுத்தவரை, ஐந்தடிக் கொல்லைக்கு ஒன்று போதும். வெப்பாலை, ஆத்தி, நெல்லி, பவழமல்லி ஆகியவை அளவோடு வளர்பவை. சித்திரையில் மல்லிகை போன்ற வெண்பூக்களோடு நிற்கும் வெப்பாலை, இந்த ஊரில் ஏன் இத்தனை அரிதாகிவிட்டது என்பது எனக்கு ஆறாத வருத்தம். பத்தடிக்கு மேல் வெற்றிடம் உள்ளவர்கள் சரக்கொன்றை, மகிழம், புங்கம் ஆகியவற்றை எண்ணிப் பார்க்கலாம். புங்க இலையில் மருக்கள் போலப் புடைப்புகள் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது நுண்ணிய சிலந்திப்பேன்களின் வேலை, மரத்துக்குக் கேடில்லை. நாவல், இலுப்பை, வேம்பு ஆகியவற்றுக்கு அரை கிரவுண்டாவது காலியாக இருக்க வேண்டும். ஆல், அரசு, அத்தி ஆகியவை பறவைகளுக்கு விருந்து வைக்கும் மரங்கள் என்றாலும் முப்பதுக்கு நாற்பதில் அவற்றுக்கு இடமே இல்லை. பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் அவற்றைக் கேட்டுப் போராடுங்கள். சந்தனத்தை நான் தவிர்க்கிறேன். அது தன் வேரைப் பிற செடிகளின் வேரில் செருகி உணவு எடுப்பதால் துணைச்செடி இல்லாமல் தேறாது. தேறி வைரம் பாய்ந்த பிறகோ திருடர் பயம் வந்துவிடும்.

நர்சரியில் கேட்பதற்குக் கன்னடப் பெயர்களை அறிந்துகொள்வது மிகவும் உதவும். புங்கம் இங்கே ஹொங்கே, நாவல் நேரளே, சரக்கொன்றை கக்கே, நொச்சி லக்கி, ஆடாதோடை ஆடுசோகே, ஆவாரை தங்கடி அல்லது ஆவரிக்கே, விராலி பந்தரே, களா கவளே, ஈஸ்வரமூலி ஈஸ்வரி பள்ளி. காரைக்கு அவர்களும் காரே என்றே சொல்கிறார்கள். அலங்காரச் செடி விற்கும் சாலையோர நர்சரிகளில் இவற்றில் பாதிகூடக் கிடைக்காது. வனத்துறை நாற்றங்கால்களிலும் மூலிகைத் தோட்டங்களிலும் விசாரித்தால் கிடைக்கும். காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கிவருவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

கன்று வாங்கும்போது

பெரிய கன்று சீக்கிரம் மரமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. நானும் அப்படி நம்பித்தான், முன்பு குடியிருந்த வீட்டின் அகன்ற முன்புறத்துக்காக, ஒரு நர்சரியில் ஏழடி உயரமுள்ள நாவல் கன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். மூன்றாண்டுகள் நன்றாகவே வளர்ந்தது. நான்காம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை, மழைக்கு முன் அடித்த காற்றில் அது அடியோடு சாய்ந்தது. அருகே போய்ப் பார்த்தபோது, மண்ணுக்குள் மூன்றாண்டு இருந்த பிறகும் அதன் வேர் அந்தக் கறுப்புப் பையின் வடிவத்திலேயே, கயிற்றுப் பந்துபோலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடந்தது. பையில் அதை நீண்ட காலம் வைத்திருந்ததால் நேரே இறங்க வேண்டிய ஆணிவேர் அடியில் முட்டி வளைந்து, வளைந்தபடியே தடித்துப்போயிருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. பார்த்து வாங்க எனக்கும் தெரியவில்லை.

ஆகவே ஓரடியிலிருந்து இரண்டடி வரை உயரமுள்ள இளங்கன்றையே வாங்குங்கள். பையின் அடியைத் திருப்பிப் பார்த்து, துளை வழியே தடித்த வேர் வெளியே நீண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். தண்டு பையின் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்குக்கு மேல் நெட்டையாக, குச்சிக்கட்டு இல்லாமல் நிற்க முடியாததாக இருந்தாலும் வேண்டாம்.

இடமும் குழியும்

முதலில் சம்ப் எங்கே, கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மரக்கன்றை அவற்றிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி வைக்க வேண்டும். புதருக்கு மூன்றடி போதும். மேலே மின்கம்பி இருந்தால் அதன் கீழ் புதரைத் தவிர எதுவும் கூடாது. ஏனென்றால் பின்னாளில் மரத்தை வெட்ட நினைத்தாலும் அது உங்கள் விருப்பத்தில் மட்டும் இல்லை. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் பொதுவாக மர அதிகாரியின் அனுமதி வேண்டும். கொல்லையில் ஏற்கெனவே ஒரு குல்மோகரோ சில்வர் ஓக்கோ நின்றால் அதையும் வெட்ட வேண்டாம். அதன் அரைநிழலில் ஆடாதோடையும் கறிவேப்பிலையும் நன்றாக வரும்.

கடப்பாரையை இறக்கியதும் பெங்களூர் வீடுகளில் பெரும்பாலும் முதலில் வருவது மண்ணல்ல. வீடு கட்டியபோது போட்டு மூடிய ஜல்லி, உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்டுக் கட்டி ஆகியவைதான். சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். ஆகவே குழி தோண்டும் இடத்தில் மட்டுமாவது அதை முழுவதும் பொறுக்கி வெளியேற்றுங்கள். மரத்துக்கு இரண்டடி நீளம், அகலம், ஆழம். புதருக்கு ஒன்றரை அடி. குழியை வட்டமாக வழவழப்பாகத் தோண்டாமல் சதுரமாகத் தோண்டி, பக்கங்களைக் கடப்பாரை முனையால் கொத்திவிடுங்கள். கெட்டியான செம்மண்ணில் வழவழப்பான சுவர் வேரைத் திருப்பி அனுப்பிவிடும். பிறகு குழி நிறைய ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நீர் தேங்கியிருந்தால் அடியில் பாறையோ இறுகிய படலமோ இருக்கிறது என்று பொருள். இன்னும் கொத்த வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும்.

தோண்டிய மண்ணோடு அதில் கால் பங்கு மட்கிய தொழு உரமோ வீட்டுக் கம்போஸ்ட்டோ கலந்தால் போதும். இவை வறண்ட கரட்டில் வளர்ந்து பழகியவை. கொழுத்த உரம் வைத்தால் நெட்டையாக எழுந்து ஒடியும். ரசாயன உரம் வேண்டவே வேண்டாம்.

நடும் காலத்தைப் பொறுத்தவரை, ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இங்கும் பொருந்தும். மே மாதத்து இடிமழையை நம்பி நட்டுவிட்டு, ஜூனில் இடைவெளி விழுந்தபோது கன்றை வாடவிட்டவர்கள் பலர். ஆனி பாதியிலிருந்து ஆடி முடிவதற்குள் நட்டால், பெங்களூரில் மழை மிகுந்த ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் கன்றுக்குக் கிடைக்கும். மார்கழிக் குளிர் வருவதற்குள் வேர் இறங்கிவிடும்.

வெயில் தாழ்ந்த மாலையில் நடுங்கள். பையோடு கன்றைத் தண்ணீர் வாளியில் கால் மணி நேரம் வைத்திருந்து, பையைப் பிளேடால் நெடுக்காகக் கிழித்து முழுவதும் அகற்றுங்கள். அடியை மட்டும் கிழித்துப் பையோடு புதைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கன்றைச் சிறையில் வைப்பதற்குச் சமம். அடியில் சுருண்ட மெல்லிய வேர்கள் இருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். பிரியாததைக் கூர்மையான கத்தியால் நறுக்குங்கள். தண்டு வேராக மாறும் கழுத்துப்பகுதி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அது மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும். மண்ணைக் காலால் மிதிக்காமல் கையால் அழுத்தி, பத்து லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள்.

புதர்களை ஒரே வரிசையாக, ஒரே இனமாக நடாமல், மூன்றடிக்கு ஒன்றாக இனத்தை மாற்றி மாற்றி, இடம் இருந்தால் இரண்டு வரிசையாக முன்பின்னாக நடுங்கள். ஒரு செடி பூக்காத காலத்தில் இன்னொன்று பூக்கும். ஒன்றை நோய் தாக்கினாலும் வேலி முழுவதும் போகாது.

தண்ணீர், சருகு, பொறுமை

2024 மார்ச்சில் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தில், குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் பல வீடுகளின் புல்தரை காய்ந்து போயிற்று. என் ஆவாரையும் விராலியும் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் பச்சையாக நின்றன. ஆனால் அவை அப்போது நான்காண்டுச் செடிகள். முதல் கோடையில் எந்த நாட்டுச் செடிக்கும் தண்ணீர் தேவை. கரட்டுச் செடிதானே என்று விட்டுவிட்டால் செத்துவிடும்.

முதல் ஆண்டு மழை நின்றதிலிருந்து நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை, மூன்றாம் கோடையில் மாதம் இருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தினமும் சிறிதாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு நிறைய ஊற்றுவதே வேரை ஆழத்துக்கு இழுக்கும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்துவைத்தாலே நாலைந்து கன்றுகளுக்குப் போதுமானதாகிவிடும். சோப்பு கலந்த நீரை ஊற்றாதீர்கள்.

பழைய முறை ஒன்று இந்த ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. மெருகு பூசாத ஐந்து லிட்டர் சுடுமண் பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, கொசு புகாதபடி தட்டால் மூடிவிட வேண்டும். மண் காயக் காயப் பானை கசிந்து கொடுக்கும். ஊருக்குப் போகும் நாட்களில் கன்றைக் காக்க இதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை. பெங்களூரில் மண்பாண்டம் செய்வோர் வாழும் பாட்டரி டவுனில் இத்தகைய பானைகள் கிடைக்கும்.

தண்ணீருக்கு அடுத்தபடியாக முக்கியமானது மூடாக்கு. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிப்பதையும் குப்பை வண்டியில் போடுவதையும் நிறுத்தி, செடிகளைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குச் சருகைப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சருகு ஈரத்தைக் காக்கிறது, வேனிலில் வேரின் சூட்டைத் தணிக்கிறது, மட்கி உரமாகிறது. பல பூச்சிகள் கூட்டுப்புழுவாக உறங்குவதும் அதற்குள்தான். சருகு இருந்தால் பாம்பு வரும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது சிந்திய சோற்றுக்கும் அடைசலாகக் கிடக்கும் பலகைக்கும். அவற்றை நீக்கிவிட்டு, நடக்கும் பாதையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும்.

பூச்சிமருந்து எதுவும் வேண்டாம், வேப்பெண்ணெய்க் கரைசலும் உட்பட. மாவுப்பூச்சி கடுமையாக ஏறினால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள்; அல்லது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். கொல்லையில் இரவு முழுதும் எரியும் வெள்ளை விளக்கு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பவழமல்லியின் இரவுப் பூவைத் தேடிவரும் விட்டில்கள் விளக்கைச் சுற்றியே களைத்துச் சாகின்றன.

அண்டை வீட்டாரிடம் நடுவதற்கு முன்பே பேசிவிடுவது உதவியாக இருக்கும். இலை விழுகிறது என்ற சண்டை இந்த நகரத்தில் தெருவுக்கொன்று. எங்கள் மதில் ஓரத்து நொச்சியைப் பற்றி அப்பக்கத்துக் கன்னட அம்மாவுக்கும் முதலில் குறை இருந்தது. மூட்டுவலிக்கு நொச்சித்தழை போட்டு வெந்நீர் வைக்க அவரே பறித்துக்கொள்ளத் தொடங்கியபின் குறை நின்றது; இப்போது அவர் மதிலோரத்திலும் ஒரு நொச்சி நிற்கிறது. இரண்டு கொல்லைகளின் கிளைகள் இப்படித் தொட்டுக்கொள்வது சிறிய விஷயமல்ல. இந்திய அறிவியல் கழக வளாகத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்திலும் தேவாங்குகள் இன்றும் வாழ்கின்றன. தாவத் தெரியாத அந்த உயிர், கிளை விட்டுக் கிளை பற்றித்தான் நகரும். கிளை அறுந்த இடத்தில் தரையில் இறங்கி நாய்க்கும் வண்டிக்கும் இரையாகும். அவ்வளாகங்களுக்கு அருகே குடியிருப்பவர்கள் தங்கள் மரத்தைப் பக்கத்து மரத்தோடு தொடுமாறு வளரவிடுவது நேரடியான உதவி.

கழிப்பதும் விதை எடுப்பதும்

மூன்றாம் ஆண்டிலிருந்து புதர்களை ஆண்டுக்கொருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு கழித்துவிடலாம். பங்குனியிலிருந்து ஆவணி வரை கத்தரியை எடுக்காமலிருப்பது நல்லது. பல பறவைகள் கூடு கட்டும் காலம் அது. எப்போது வெட்டினாலும் முதலில் இலைகளை விலக்கிப் பாருங்கள். தையல்சிட்டு ஓர் அகன்ற இலையின் இரு ஓரங்களையும் நூலால் தைத்து உள்ளே கூடு வைத்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் சுருண்ட இலை. மொத்த வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், இவ்வாண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி என்று மாற்றி மாற்றிக் கழித்தால் ஒதுங்க இடம் எப்போதும் இருக்கும். வெட்டிய நொச்சி, ஆடாதோடைக் கிளைகளை எறிய வேண்டாம். பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத் துண்டுகளாக்கி நிழலில் ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும்.

விதைகளில் வேம்பு, நாவல், இலுப்பை ஆகியவை காத்திருக்காதவை. பழம் உதிர்ந்த சில நாட்களிலேயே சதையை நீக்கி ஊன்றாவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும். ஆவாரையும் சரக்கொன்றையும் நேர்மாறானவை. கெட்டியான தோலால் ஆண்டுக்கணக்கில் உறங்கும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதைகளைப் போட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். அல்லது சரக்கொன்றை விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் ஊன்றி, உப்பாதவற்றை மறுபடி ஊறப்போடுங்கள். வைகாசிக் கடைசியில் பையில் ஊன்றினால் ஆடி முடிவில் கன்று ஒரு சாண் உயரம் வந்திருக்கும்; வேர் பையின் அடியைத் தொடும் முன்பே அதை மண்ணில் இறக்கிவிடலாம்.